உங்கள் பிள்ளை இன்று

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் அசடு வழிய வேண்டியிருக்கும்.

போன வருடம் என் பழைய கைபேசி தண்ணீர் வாளியில் விழுந்து உயிரை விட்டது. கடைக்காரர் புது எண் ஒன்று கொடுத்தார். புது எண் என்று தருவதெல்லாம் யாரோ வேண்டாமென்று விட்ட எண்ணைத் துடைத்துத் தருவதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. சில நாள் கழித்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது. 'அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தை இதே எண்ணுக்கு அனுப்பவும். பள்ளி அலுவலகம்.'

எனக்குப் பிள்ளை இல்லை. வாயில் நுரையோடு நின்று அதைத் திரும்பவும் படித்தேன். பிறகு பொறுப்புள்ள ஆளாக, 'தவறான எண், திருத்திக்கொள்ளவும்' என்று பதில் போட்டேன். அவர்களும் 'மன்னிக்கவும்' என்று போட்டார்கள். விஷயம் முடிந்தது.

முடிந்துபோனதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதன் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை. அங்கிருந்து மட்டும் என்ன, எங்கிருந்தும்தான் வரவில்லை. நான் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று நாள் முழுவதும் மனது அடித்துக்கொண்டது. அந்தப் பதிலை அனுப்பாமல் இருக்கக்கூடிய ஒரு ஆள் எனக்குத் தேவைப்பட்டார். அவரைத் தேடப் போனேன்.

2.

முதலில் கிடைத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். இப்படி ஆரம்பித்தேன்:

'அவருக்கு இப்போதெல்லாம் யாரும் கடிதம் போடுவதில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்த கை—'

[வேண்டாம். முதல் வரியிலேயே வாசகருக்குக் கைக்குட்டையை நீட்டும் வேலை. தவிர, ஓய்வு பெற்றவர் என்றால் தனியாக இருப்பார் என்று எழுதுவது சோம்பேறித்தனம். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்றவர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் அலைகிறார்கள்.]

அடுத்தது ஒரு பெண். விவாகரத்தானவள், மாடியில் குடியிருப்பவள், ஜன்னல் ஓரம் ஒரு பூந்தொட்டி—

[பூந்தொட்டி வந்ததுமே பேனாவை மூடிவிட்டேன்.]

கடைசியில், வேலை நிறைய இருந்தும் தனியாக இருக்கிற ஒருவர் வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் பல்செட்காரர். கட்டிடத்தின் பின்பக்க அறையில் உட்கார்ந்து பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் கூடிவரவில்லை. கூடிவரவில்லை என்றால் பெரிய சோகம் எதுவும் இல்லை, இதோ அதோ என்று தள்ளிப்போய்க் கடைசியில் கேட்கிறவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அக்கா ஒருத்தி வேறு ஊரில் இருக்கிறாள். வாரக் கடைசியில் கூப்பிட்டால் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் பேசுவாள். இவரும் 'ம்' கொட்டுவார். வைக்கும்போது, 'நீ எப்படி இருக்கே?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிடுவாள்.

3.

அவருடைய தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் அவரைப் பிடித்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

மருத்துவரிடமிருந்து வாயின் அளவெடுத்த அச்சு ஒரு பிளாஸ்டிக் பையில் வரும். கூடவே ஒரு சீட்டு: மேல்வரிசை, கீழ்வரிசை, பல்லின் நிறம், வேண்டிய நாள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால், இறுகிய பிறகு அது ஒரு ஈறாக எழுந்து நிற்கும். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, பிறகு மெழுகு இருந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பொருளை நிரப்பி வேகவைத்து, அரம் போட்டு, மெருகேற்ற வேண்டும். கூரியர் பையன் வந்து எடுத்துக்கொண்டு போவான். அந்தப் பற்களை யார் போட்டுக்கொண்டார், எப்படிச் சிரித்தார் என்பது இவருக்குத் தெரியாது. ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கைப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தபோது, மேல்வரிசை தன் கைவேலை என்று பட்டது. கேட்க முடியுமா? அவர் இறங்கும்வரை வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

[இந்தப் பேருந்து விஷயத்தை எழுதிய பிறகுதான் அவர்மேல் எனக்கே நம்பிக்கை வந்தது.]

அவரும் என்னைப் போலப் புது எண் வாங்கியிருந்தார். அதற்கு முதலில் வந்தது ஒரு பள்ளியின் சுற்றறிக்கை. பருவம் தொடங்கும் நாள், முடியும் நாள், இடைவிடுமுறை, தேர்வு வாரம். அதன்கீழ், பெற்றோர் கவனத்திற்கு என்று வருகை விதிகள். பிள்ளை வராத அன்றே காலையில் காரணம் தெரிவிக்க வேண்டும். நோய், மருத்துவரைப் பார்த்தல், நெருங்கிய உறவினர் மரணம் ஆகியவை நியாயமான காரணங்கள். பிறந்தநாள், கடைக்குப் போதல், மழை, அசந்து தூங்கிவிட்டது ஆகியவை ஏற்கப்படமாட்டா. பருவ நடுவில் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகக் கூடாது. காரணம் சொல்லாத விடுப்பு தொடர்ந்தால் எச்சரிக்கை வரும். அப்புறம் பெற்றோர் நேரில் வர வேண்டும். அப்படியும் வராவிட்டால் பெயர் நீக்கப்பட்டு, இடம் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குத் தரப்படும்.

* அந்தச் சுற்றறிக்கையை நானே உட்கார்ந்து எழுதினேன். கதையின் மற்ற பகுதிகளைவிட அது எனக்கு நன்றாக வந்திருக்கிறது. யாரையும் காயப்படுத்தாமல் எல்லாரையும் மிரட்டுவது லேசுப்பட்ட கலை இல்லை.

பல்செட்காரர் மதிய உணவை ஒரு கையில் வைத்துக்கொண்டு அதை முழுவதும் படித்தார். மழை ஏற்கப்படாது என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. தவறான எண் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து பிளாஸ்டரைக் கரைத்துவிட்டார். கையில் மாவு. அப்புறம் சொல்லலாம் என்று விட்டார்.

4.

சில நாளில் அந்தச் செய்தி வந்தது. 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை.'

பேர் இல்லை, வகுப்பு இல்லை. உங்கள் பிள்ளை. அவ்வளவுதான்.

அவர் அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவும் உட்கார்ந்தார். ஆனால் விதிகளைப் படித்திருந்ததுதான் வினையாகப் போயிற்று. காரணம் தராவிட்டால் கணக்கில் ஏறும், எச்சரிக்கை வரும் என்பது நினைவுக்கு வந்தது. பெற்றவர்களுக்குச் செய்தி போகவில்லை, அவர்கள் எப்படிக் காரணம் சொல்வார்கள்? ஒன்றும் செய்யாமல் பிள்ளை மாட்டிக்கொள்ளுமே என்று பட்டது. இன்றைக்குச் சமாளித்துவிட்டு நாளைக்கு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். 'காய்ச்சல்' என்று போட்டார்.

உடனே பதில் வந்தது. 'நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.'

யாருடைய உடம்பை என்று எழுதவில்லை. பொதுவாக எழுதியதுதான். ஆனால் அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மதியம் ஒரு கீழ்வரிசையை மெருகேற்றிக்கொண்டிருக்கும்போது, இந்நேரம் காய்ச்சல் விட்டிருக்குமா என்று யோசித்தார். தான் உண்டாக்கிய காய்ச்சல் என்பது தெரிந்தும் யோசித்தார்.

[இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. புத்தியுள்ள ஆள் இப்படிச் செய்வாரா? படித்துப் பார்க்கக் கொடுத்த நண்பர், 'நம்பற மாதிரி இல்லப்பா' என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மாமனார் மாமியார், ஒரு நாய். அவர் வீட்டில் கழிவறைக்குப் போனாலும் யாராவது கதவைத் தட்டுவார்கள். அவரிடம் கொடுத்தது என் தப்பு.]

மறுநாள் அவர் உண்மையைச் சொல்லவில்லை. செய்தி வராததால் பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. அது ஒரு நிம்மதியாக இருந்தது. அந்தப் பள்ளி, வராத பிள்ளைக்கு மட்டும்தான் செய்தி அனுப்பும். வந்த பிள்ளையைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லாது. காலை வேலை தொடங்கும் நேரத்தில் கைபேசி சும்மா இருந்தால், 'சரி, போயிடுச்சு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மெழுகைச் சூடாக்குவார்.

5.

அடுத்த முறை வயிற்றுப்போக்கு. அதற்கடுத்தது சித்தப்பா இறந்தது. அந்தச் சித்தப்பாவுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அலுவலகத்தில் பதில் போடுகிறவர் ஒரு பெண் என்பதும், அவரைப் பள்ளியில் எல்லாரும் அட்டெண்டன்ஸ் மேடம் என்று அழைப்பதும் எனக்குத் தெரியும், பல்செட்காரருக்குத் தெரியாது. ஆனால் பதில்கள் மாறிவருவது அவருக்குத் தெரிந்தது. 'நன்றி' என்றிருந்தது, 'எழுதியதற்கு மிக்க நன்றி' ஆயிற்று. சித்தப்பாவுக்கு 'வருந்துகிறோம்' வந்தது. ஒரு நாள், 'விட்டுப்போன பாடங்களை அவளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று வந்தது.

அவளை. ஆக, பெண் பிள்ளை. அவர் அன்று முழுவதும் காரணமில்லாமல் உற்சாகமாக இருந்தார். கூரியர் பையன், 'என்ன சார், லாட்டரி அடிச்சுதா?' என்று கேட்டான்.

இடைவிடுமுறை வந்தபோது அவருக்குத் தெரியாமல் போயிற்று. காலை நேரத்தில் கைபேசி சும்மா இருந்தது. போகிறாள் போலிருக்கிறது என்று முதல் நாள் சந்தோஷப்பட்டார். பிறகு சுற்றறிக்கையைத் திறந்து பார்த்தால், பள்ளியே மூடியிருக்கிறது. அந்த வாரம் மிக நீளமாக இருந்தது. செய்தி வராததற்கு எந்த அர்த்தமும் இல்லாத வாரம். அவர் சுற்றறிக்கையைக் கடையில் கொடுத்து அச்சடித்து, கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார். பள்ளி திறக்கும் நாளைச் சிவப்பில் வட்டமிட்டார். அந்த ஊரில் விடுமுறை எப்போது முடியும் என்று ஏங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

* பெற்றோர்களும் ஏங்குவார்கள் என்று அந்த நண்பர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். இதை ஒப்புக்கொள்கிறேன்.

6.

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். கதை இப்படியே போனால் என்ன ஆகும்? அவர் காரணம் அனுப்பிக்கொண்டே இருப்பார், மேடம் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார். படிக்க இதமாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறாள், பள்ளிக்கு வராமல் எங்கோ இருக்கிறாள். அது எங்கே என்று இவர்கள் யாருக்கும் தெரியாது. நான் பாட்டுக்குப் பெரியவர்கள் இருவரின் தனிமையை ரசித்து எழுதிக்கொண்டிருந்தபோது, அவளை வெயிலில் நிறுத்திவைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் எங்கே போகிறாள் என்று யோசித்து எழுதிப் பார்த்தேன். சினிமாவுக்கு என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. கெட்ட சகவாசம் என்று எழுதினேன், ஆசிரியர் கூட்டத்தில் பேசுவது மாதிரி இருந்தது. கடைசியில் அவளைப் பேருந்தில் ஏற்றினேன். பள்ளி நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போவாள். அங்கே பேருந்து திரும்ப நேரம் எடுக்கும்போது, காலி இருக்கையில் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பாள். ஓட்டுநர் ஒன்றும் கேட்கமாட்டார். பிறகு அதே பேருந்தில் திரும்பி வருவாள். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் வீட்டில் இருப்பாள்.

ஏன் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

7.

ஒரு காலை பல்செட்காரர் 'பல்வலி' என்று போட்டார். இதோடு நிறுத்தியிருக்கலாம். சொந்தத் தொழில் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. 'கீழ்த்தாடை, இடது பக்கம், கடைவாய்ப்பல்லுக்கு முந்தையது. ஈறும் வீங்கியிருக்கிறது' என்று சேர்த்தார்.

மேடம் அதைப் படித்து அசந்துபோனார். இத்தனை வருடத்தில் எந்தப் பெற்றோரும் பிள்ளையின் வாய்க்குள் இப்படிப் பார்த்து எழுதியதில்லை. மறுநாள் நடையில் அந்தப் பெண்ணைக் கண்டதும் நிறுத்தி, பல்வலி தேவலையா என்று கேட்டார். பெண் விழித்தாள்.

"அப்பா எழுதியிருந்தாரே," என்றார் மேடம்.

அவள் மேடத்தின் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை இடது கன்னத்தில் வைத்து, தேவலை என்றாள்.

[எந்தக் கன்னம் என்று மேடம் சொல்லவில்லை. அவள் தானாகத்தான் இடது கன்னத்தில் கை வைத்தாள். இது தற்செயல். நான் திட்டமிட்டு எழுதவில்லை என்றால் நம்பமாட்டீர்கள்.]

அதற்குப் பிறகு அவள் அதிகமாக வராமல் போனாள். செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பல்செட்காரர் கைவசம் இருந்த நோய்களெல்லாம் தீர்ந்து, மாடிப்படியில் கால் பிசகியது என்று போட்டார். இந்த முறை மேடம் கேட்டார்: 'எந்தக் கால்?'

'இடது.'

இரண்டு நாள் கழித்து மேடம் அந்தப் பெண்ணிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க, அவள் உடனே நொண்டினாள். வலது காலில்.

மேடம் அந்தக் காலையே பார்த்தார். அன்று மாலை பல்செட்காரருக்கு வந்த செய்தியில் நன்றி இல்லை. 'விடுப்பு வரம்பைத் தாண்டிவிட்டது. பெற்றோர் நாளைக் காலை அலுவலகத்திற்கு நேரில் வரவும். வராவிட்டால் விதிப்படி மாணவியின் பெயர் நீக்கப்படும்.'

அவர் அதைத் திரும்பவும் படித்தார். இந்தச் செய்தி தன்னைத் தவிர வேறு யாருக்கும் வரவில்லை. பெற்றவர்களுக்குத் தெரியாது. தான் போகாவிட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு போயிற்று. போனால், தான் யார் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஒரு செய்தியும் வராது. அவர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளின்முன் நின்றார். காய்ச்சல், பல்வலி என்று வகைவகையாக அடுக்கினவருக்கு, இதற்கு ஒரு நியாயமான காரணம் அதில் அகப்படவில்லை.

8.

போவாரா, மாட்டாரா என்று நான் உங்களைக் காக்க வைக்கப்போவதில்லை. போனார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நகக்கண்ணில் போகாத பிளாஸ்டரோடு போனார்.

அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு, அதன்கீழ் கை நுழையும் ஓட்டை, தாமதமாக வரும் பிள்ளைகள் அழுத்த ஒரு மணி. தடுப்புக்குப் பின்னால் மேடம். அவர் கற்பனை செய்திருந்ததைவிட வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு கதவு, பாதி கண்ணாடி. அதற்குள் ஒரு சின்ன அறை.

அவர் எண்ணைச் சொன்னதும் மேடத்தின் முகம் மாறியது. கோபமாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தது கலைந்துபோயிற்று. எழுந்து வெளியே வந்து, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். உங்ககிட்ட கோவமாத்தான் பேசணும்னு இருந்தேன். ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த ஸ்கூல்லயே ஒழுங்கா பதில் போடற அப்பா நீங்க ஒருத்தர்தான்."

அவர் உட்காரவில்லை.

"மேடம், அந்தப் பிள்ளை என்னோடது இல்ல. நம்பர் மட்டும்தான் என்னோடது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ காய்ச்சல்?"

"நான் போட்டது."

"சித்தப்பா?"

"அதுவும் நான்தான்."

"பல்வலிகூடவா?"

அவர் தலையாட்டினார். பல்செட் செய்கிறவன் என்று சொன்னார். நகத்தை மறைத்துக்கொண்டார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாதென்று செய்தது, பிறகு விட முடியவில்லை என்று ஏதேதோ சொன்னார். மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த மாதிரி ஆள் இவர் என்று ஒரு தடவை மேலும் கீழும் பார்க்கவும் பார்த்தார். பார்க்கத்தானே வேண்டும், அது அவருடைய வேலை. பிறகு தாழ்ந்த குரலில், தான் செய்த காரியத்தைச் சொன்னார்.

அந்த எண் பெண்ணின் அப்பாவினுடையது. சேர்க்கும்போது அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார், அம்மா எண் என்ற இடத்தில் ஒரு கோடுதான் இருக்கிறது. அவர் வீட்டைவிட்டுப் போன விஷயம் பள்ளிக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று மாலை மேடம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, 'நாளைக்கு உங்க அப்பா வர்றாரு' என்று மிரட்டியிருக்கிறார். அவள் பயப்படவே இல்லை. நிஜமாகவா என்று கேட்டிருக்கிறாள்.

"இன்னைக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறா சார். தலையை அவ்வளவு அழகாப் பின்னிக்கிட்டு. அந்த ரூம்லதான் உக்காந்திருக்கா." மேடம் நிறுத்தினார். "ஏன்டி ஸ்கூலுக்கு வர மாட்டேங்கறேன்னு நேத்து கேட்டேன். வராம இருந்தாத்தான் மேடம் அப்பாவுக்கு மெசேஜ் போகும்னா. அப்போ எனக்குப் புரியல."

9.

பேருந்தில் அவள் ஏன் போனாள் என்பது எனக்கு இங்கேதான் தெரிந்தது. மேடத்தின் வாயால் அந்த வரி வந்தபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்திலிருந்து பல முடிவுகள் எழுதினேன். கிழித்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் காட்டுகிறேன்.

பல்செட்காரர் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். அப்பாவுக்கு அவசர வேலை என்று மேடம் சொல்லிவிடுகிறார். [அவள் மறுபடி பேருந்து ஏறுவாள்.]

அப்பாவின் நண்பன் என்று ஒரு பொய். அப்பா உன்னைக் கேட்டார் என்று— [இத்தனை பொய் போதும்.]

பல்செட்காரரும் மேடமும் ஒரு நாள் தேநீர்க் கடையில்— [இது நண்பரின் யோசனை. அவருக்கு யாரைக் கண்டாலும் ஜோடி சேர்த்துவிட வேண்டும்.]

மேடம் தானே போய்ச் சொல்கிறேன் என்றுதான் எழுந்தார். பல்செட்காரர், "நானே சொல்றேன் மேடம். நான் பண்ணினது," என்றார். மேடம் யோசித்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, திறந்தபடியே வைத்து, வாசலில் நின்றுகொண்டார்.

கதவு திறந்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். வந்தவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை.

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், தன் எண் முன்பு அவள் அப்பாவுடையது, இப்போது தன்னுடையது, பதில் போட்டதெல்லாம் தான் என்று சொன்னார். இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். அழமாட்டேன் என்றுவிட்டாள். பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அப்பாவுக்கு ஒண்ணுகூடப் போகலையா?"

"போகலம்மா. எல்லாம் எனக்குத்தான் வந்துது."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மணி அடித்து, நடையில் பிள்ளைகளின் சத்தம் வந்து, போய், அடங்கியது.

"நீங்க எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"ஒண்ணு விடாம."

மேடம் அம்மாவின் எண்ணைக் கேட்டபோது சொன்னாள். மேடம் உடனே அம்மாவைக் கூப்பிட்டார். பல்செட்காரரின் எண்ணை அவர் கண்ணெதிரே எடுத்துவிட்டு அந்த எண்ணை ஏற்றினார். அம்மா வரும்வரை அவரும் இருந்தார். அம்மா வேலை உடுப்போடு மூச்சிரைக்க வந்து, "என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொல்ல நீங்க யாரு?" என்று கேட்டபோது, தலையைக் குனிந்து நின்றார்.

10.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் காலையும் அதற்கு அடுத்த காலைகளும் பல்செட்காரரின் கைபேசி சும்மா இருக்கிறது. முன்பெல்லாம் அது சும்மா இருந்தால், 'சரி, போயிடுச்சு' என்று சொல்லிக்கொள்வார். இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒன்றும் வராது. விடுமுறை வாரத்தில் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இனி எல்லா வாரமும் அந்த வாரம்தான். சுவரில் இருந்த சுற்றறிக்கையை அவர் கிழிக்கவில்லை. பருவம் எப்போது முடிகிறது என்று கை கழுவும்போது பார்க்கிறார். எனக்கு அவரை இப்படி விட்டுவிட்டுப் போகப் பாவமாக இருக்கிறது.

அதனால், விதியில் இல்லாத ஒன்றை மேடத்தைச் செய்யவைக்கப் பார்க்கிறேன். வந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளி செய்தி அனுப்புவதில்லை, வெளியாள் ஒருவருக்கு எந்தச் செய்தியும் அனுப்பக் கூடாது. மேடம் விதியைத் தாண்டுகிறவர் இல்லை. ஆனால் பல்செட்காரரின் எண் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. காலை வருகையெல்லாம் எடுத்து முடித்தாயிற்று. அவர் தன் சொந்தக் கைபேசியை எடுக்கிறார். 'உங்கள் பிள்ளை இன்று' என்று விரல் பழக்கத்தில் ஓடுகிறது. நிறுத்தி, முதல் வார்த்தையை அழிக்கிறார். திரும்ப எழுதுகிறார்.

அங்கே பின்பக்க அறையில் மேசைமேல் கைபேசி ஒரு முறை அதிர்கிறது. பல்செட்காரரின் இரண்டு கையும் மாவு. பிளாஸ்டர் இறுகுவதற்குள் ஊற்றியாக வேண்டும், இப்போது விட்டால் யாரோ ஒருவரின் வாய் கோணிப்போகும். அவரால் எடுக்க முடியாது. எட்டி மட்டும் பார்க்கிறார். திரையில் கொஞ்சம்தான் தெரிகிறது. மீதியைப் படிக்க ஒரு சுத்தமான விரல் வேண்டும்.

அவள் அன்று எந்த நிறுத்தத்தில் இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை. உங்கள் கையில் மாவு இல்லை. கொஞ்சம் எடுத்து அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

'அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கு